கலவைப் பெட்ரோல் பற்றி உழவர்கரை மிஷின் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரெட்டியார்பாளையம், மூலகுளம், லாஸ்பேட்டை, கோரிமேடு, தட்டாஞ்சாவடி என்று உழவர்கரை நகராட்சியின் எல்லைக்குள் புல்வெட்டும் மிஷினையும் மரமறுக்கும் மிஷினையும் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரையும் தோளில் சுமந்து ஜீவனம் நடத்தும் அன்பர்களுக்கும், அவர்களை வேலைக்கு அமர்த்தும் மேஸ்திரிமார்களுக்கும் இந்த மடல்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேலாக மழையைக் கொட்டிவிட்டுப் போன பிறகு, தெருவை அடைத்து விழுந்து கிடந்த மரங்களை அப்புறப்படுத்துவதற்காக, கோடை முதல் மூலையில் தூங்கிக்கொண்டிருந்த அறுவை மிஷினை எடுத்துக் கயிற்றை இழுத்தவர்களில் எத்தனை பேருக்கு அது உடனே கிளம்பியது, எத்தனை பேருக்குத் தோள்வலிதான் மிச்சமாயிற்று என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த தானே புயலின்போது இந்த மிஷின்கள் இத்தனை பேர் கையில் இல்லை, இன்று இருக்கின்றன. ஆனால் தேவைப்படும் நேரத்தில் அவை ஓடவேண்டுமே. ஓடாத மிஷினைத் திறந்து பார்க்கும் பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லுவது, கோளாறு இரும்பில் இல்லை, டாங்கியில் கிடந்த பெட்ரோலில் இருக்கிறது என்பதே. அந்தப் பெட்ரோலைப் பற்றியும் அதில் நாம் கலக்கும் எண்ணெயைப் பற்றியும் சற்று விஸ்தாரமாகவே பேசவேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நம்மவர்களுக்கு எண்ணெய் கலக்கும் வழக்கம் புதிதன்று. 1980-இல் டி.வி.எஸ். 50 வந்த நாள் தொட்டு, பங்கிலே பெட்ரோல் போடும் பையன் எண்ணெய் அளவையை எடுத்து ஒரு தள்ளுத் தள்ளி ஊற்ற, வண்டிக்காரர் வண்டியை இருபுறமும் ஆட்டிக் கலக்கிவிட்டுப் புகையோடு புறப்படுவதைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. கண்ணளவாக ஊற்றுவது, தண்ணீர்ப் பாட்டிலில் கலந்து வைப்பது, வைத்ததை அடுத்த மாதமும் உபயோகிப்பது ஆகிய நம் பழக்கங்கள் அனைத்தும் அந்தக் காலத்துச் சொத்து. அந்த வண்டி அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டது. ஏனென்றால் அதன் எஞ்சின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்று அளவிலே நிதானமாக ஓடியது. அதற்குள் ஊற்றப்பட்ட பெட்ரோலும் வெறும் பெட்ரோலாகவே இருந்தது. இன்று உங்கள் கையிலுள்ள அறுவை மிஷினோ, பாரமில்லாமல் ஓடும்போது நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம், பதின்மூவாயிரம் சுற்றுக்கள் சுற்றுவது. பங்கில் வாங்கும் பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. இரண்டும் மாறிவிட்ட பிறகு பழக்கம் மட்டும் மாறாமல் இருப்பதுதான் தொல்லை.

இந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் அமைப்பை ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஜோசப் டே என்பவர் வகுத்த முறைதான் அடிப்படையில் இன்றைக்கும் இருக்கிறது. பிஸ்டனுக்குக் கீழேயுள்ள அறையே ஒரு பம்பாக வேலைசெய்து, காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து, மேலே தள்ளுகிறது. கார் எஞ்சினில் இருப்பதுபோல் எண்ணெய் தேங்கி நிற்கத் தனித் தொட்டி இங்கே வைக்க இயலாது. ஆகையால் பெட்ரோலோடு கலந்து வரும் அந்தச் சிறிதளவு எண்ணெய்தான் போகிற போக்கில் பேரிங்குகளையும் பிஸ்டனையும் சிலிண்டர்ச் சுவரையும் நனைத்து, கடைசியில் தானும் எரிந்து சைலன்சர் வழியே வெளியேறுகிறது. நனைக்கவும் வேண்டும், மிச்சமின்றி எரியவும் வேண்டும் என்ற இந்த இரட்டைக் கடமையை எல்லா எண்ணெயும் செய்துவிடாது. நாலு ஸ்ட்ரோக் வண்டிக்கு உரிய எஞ்சின் ஆயிலை இதில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எரிவதற்கென்று செய்யப்பட்டதில்லை. பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் கரியாக இறுகிப்போகும்.

ஆகவே டப்பாவின் முகப்பிலுள்ள படத்தைப் பார்க்காமல் அதன் முதுகிலுள்ள சிறிய எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். ஜப்பானியரின் தர அளவான ஜாசோ என்ற சொல்லும், அதன் பின் எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. என்ற எழுத்துக்களில் ஒன்றும் அங்கே அச்சாகியிருக்கும். எஃப்.பி. குறைந்தபட்சத் தரம்; எஃப்.சி. புகை குறைந்தது, எஃப்.டி. புகையும் குறைந்து, உட்புறத்தையும் அதிகச் சுத்தமாக வைத்திருப்பது. இவற்றுக்கு ஒத்த உலகத் தரக் குறியீடுகள் ஐ.எஸ்.ஓ. வரிசையில் இ.ஜி.பி., இ.ஜி.சி., இ.ஜி.டி. என்று வரும். நாள் முழுதும் முகத்துக்கு அருகே புகையை வைத்துக்கொண்டு வேலை செய்கிற உங்களுக்கு எஃப்.டி.யே உகந்தது என்பது என் அபிப்பிராயம். லிட்டருக்கு இருபது மில்லிலிட்டர் மட்டுமே செலவாகிற ஒரு வஸ்துவில் மட்டமானதை வாங்கி மிச்சம் பிடிப்பதைப் போன்ற நஷ்டக் கணக்கு வேறில்லை. மில்லிலிட்டர் கணக்கில் மிச்சமான தொகை, ஒரே ஒரு முறை பிஸ்டன் பிடித்துக்கொண்டால் சிலிண்டர் செட்டோடு போய்விடும்.

கடற்கரை ஊராகிய நமக்கு மட்டும் வரக்கூடிய ஒரு குழப்பம் உண்டு. வீராம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் ஃபைபர் படகுகளில் மாட்டியிருக்கும் வெளிப்பொருத்து மோட்டார்களிலும் இரண்டு ஸ்ட்ரோக் உண்டு, அவற்றுக்கென்று டி.சி.-டபிள்யூ3 என்ற குறியீட்டோடு ஓர் எண்ணெய் விற்கிறது. அதுவும் நல்ல எண்ணெய்தான், விலையும் குறைவில்லை. ஆகவே இது மேலானதாகத்தான் இருக்கும் என்று எண்ணி வாங்கிப் போகிறவர்களைக் கடைகளில் காணலாம். ஆனால் படகு மோட்டாரைக் கடல் நீரே சுற்றிவந்து குளிரச் செய்கிறது. உங்கள் மிஷினைக் குளிர்விப்பது காற்று ஒன்றுதான். சித்திரை வெயிலில் அதுவும் அனலாகவே வீசும். அந்த உஷ்ணத்தில் பிஸ்டன் வளையங்களைச் சுத்தமாக வைத்திருப்பதற்கான சரக்கு படகு எண்ணெயில் சேர்க்கப்படுவதில்லை. கடலுக்குரியதைக் கடலுக்கே விட்டுவிடுங்கள்.

பெயர் தெரியாத பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் சில்லறை எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தில்லி மாநகரில் புகையின் கொடுமை தாளாமல் 1998-ஆம் ஆண்டின் இறுதியில் பங்குகளிலும் பட்டறைகளிலும் 2டி எனப்படும் இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெயைச் சில்லறையாக விற்பதையே தடுத்துவிட்டார்கள் என்பதிலிருந்து அதன் யோக்கியதை விளங்கும்.

இனி அளவு. ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர், நாற்பதுக்கு ஒன்று என்றால் 25, இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40. இதில் எது உங்கள் மிஷினுக்கு என்பதை அதன் கையேடுதான் தீர்மானிக்க வேண்டுமே தவிர, விற்றவரோ பக்கத்து வீட்டுக்காரரோ தீர்மானிக்கக் கூடாது. ஜெர்மானியரின் ஸ்டில் மிஷின்களுக்கான கையேடுகள், தம்முடைய எண்ணெயானால் ஐம்பதுக்கு ஒன்று, பிறருடைய டி.சி. தர (படகுக்கான டி.சி.-டபிள்யூ3 அன்று) எண்ணெயானால் இருபத்தைந்துக்கு ஒன்று என்று சொல்வது வழக்கம்; சுவீடனின் ஹஸ்க்வர்னாவும் தம் எண்ணெய்க்கு ஐம்பதும், எஃப்.பி. தரத்துப் பிற எண்ணெய்க்கு முப்பத்து மூன்றும் என்று பிரித்தே சொல்கிறது. வியாபார தந்திரமும் இதில் கலந்திருக்கலாம் என்று நீங்கள் சந்தேகித்தால் நான் மறுக்கமாட்டேன். இருந்தாலும், எண்ணெயின் தரம் இறங்க இறங்க அளவு ஏறவேண்டும் என்ற அடிப்படை நியாயம் அதற்குள் இருக்கிறது. அதே சமயத்தில், கொஞ்சம் கூட ஊற்றினால் எஞ்சினுக்குப் புஷ்டி என்று நினைப்பதும் தவறு. எண்ணெய் மிகுந்தால் புகையும் கரியும் மிகுந்து சைலன்சரின் வலை அடைத்துக்கொள்வது ஒரு பக்கம் இருக்க, கார்பரேட்டர் வழியே போகும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடக் கூடப் பெட்ரோலின் பங்கு குறைந்து எஞ்சின் பட்டினியில் சூடேறுவதும் உண்டு. மருந்துக்கடையில் ஊசியில்லாத இருபது மில்லிலிட்டர் சிரிஞ்சு ஒன்று வாங்கிக் கேனோடு கட்டித் தொங்கவிட்டுவிட்டால் கண்ணளவு என்ற பேச்சே முடிந்துவிடும்.

இடையில் ஓர் எச்சரிக்கை: தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் புல்வெட்டும் மிஷின்களில் ஹோண்டாவின் ஜி.எக்ஸ். 35 போன்ற நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் பூட்டியவையும் இப்போது நிறைய ஓடுகின்றன. அவற்றுக்கு எண்ணெய் தனியே, பெட்ரோல் தனியே. இரண்டு வகையும் வைத்திருக்கிற மேஸ்திரிகள் கேன்களுக்கு வேறு வேறு வர்ணம் பூசிவைப்பது உத்தமம்.

இப்பொழுது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் பங்குகளில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் என்ற சாராயச் சத்தைக் கலப்பது சர்க்காரின் கொள்கை. 2022-இல் அது நூற்றுக்குப் பத்து என்ற அளவை எட்டியது; 2023 பிப்ரவரியில் நூற்றுக்கு இருபது கலந்த பெட்ரோல் விற்பனைக்கு அறிமுகமாயிற்று; 2030-க்கென்று வைத்திருந்த அந்த இலக்கை முன்னே இழுத்து 2025-லேயே தொட்டுவிட்டார்கள். கரும்பு விவசாயிக்கு லாபம், அந்நியச் செலாவணி மிச்சம் என்று அதற்குரிய நியாயங்களை மறுப்பது என் நோக்கமன்று. ஆனால் புதிய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் இதற்கேற்பச் செய்யச் சொன்னவர்கள், தோளில் தூக்கும் இந்தச் சிறிய எஞ்சின்களை வைத்துப் பிழைப்பவர்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது என் வருத்தம். கையால் திருகித் திருத்தும் கார்பரேட்டர் கொண்ட மிஷின்களுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்று பல கம்பெனிகளின் கையேடுகள் கூறுகின்றன. பங்கிலோ இருபதுதான் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலே நிற்பவர்கள் நீங்கள்.

எத்தனால் என்ன செய்கிறது? தன்னுள்ளேயே பிராணவாயுவைக் கொண்டிருப்பதால் அது காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை மெலியச் செய்து எஞ்சினை முன்னைவிடச் சூடாக ஓடவைக்கிறது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துக் கார்பரேட்டர் திருகைச் சற்றே திறக்கச் சொன்னால் இதற்குப் பரிகாரம் உண்டு. பழைய மிஷின்களின் ரப்பர்க் குழாயையும் கார்பரேட்டருக்குள்ளிருக்கும் மெல்லிய சவ்வையும் அது ஊறச் செய்து விறைக்க வைக்கிறது. அவற்றைப் பார்த்துப் பார்த்து மாற்றவேண்டியதுதான். மூன்றாவதாக அது செய்யும் காரியம்தான் விபரீதமானது. ஐப்பசி கார்த்திகையில் மூடி சரியாக மூடாத உப்புச் சாடி தானாகவே நீர் விட்டுக்கொள்வதைப் போல எத்தனாலுக்கும் ஈரத்தை உண்ணும் சுபாவம் இருக்கிறது. பத்து சதவீதக் கலப்புள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி தண்ணீரைத் தன்னுள் கரைத்து மறைத்துக்கொள்ளும். இருபது சதவீதக் கலப்பு அதைவிடவும் கூடுதலாக மறைக்கும். அந்த எல்லை தாண்டிவிட்டாலோ, மார்கழிக் குளிரில் அந்த எல்லையே சுருங்கிவிட்டாலோ, எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியிலே போய்ப் படிந்துவிடும். நாம் அளந்து ஊற்றிய எண்ணெய் மேலே நிற்கும் பெட்ரோலோடு தங்கிவிடும். டாங்கிக்குள் எரிபொருளை உறிஞ்சும் வடிகட்டியோ அடியில்தான் கிடக்கிறது. ஆக எஞ்சின் குடிப்பது எண்ணெயே இல்லாத சாராயத் தண்ணீர். முதலில் அது கிளம்பாது. கிளம்பினாலும் சில நிமிஷங்களில் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொள்ளும்.

நேர்மையாகச் சொன்னால், இறுக மூடிய பாத்திரத்துக்குள் காற்றின் ஈரம் அவ்வளவு வேகமாகப் புகுந்துவிடுவதில்லை. மழையில் நனைந்த கையோடு மூடியைத் திறப்பதும், கழுவி உலர்த்தாத பாட்டிலில் வாங்குவதும், பாதி காலியான கேன் பகலில் விரிந்து இரவில் சுருங்கி மூச்சு விடுவதுமே பெரிய வாயில்கள். இதற்கொரு சாமர்த்தியமாக, பெட்ரோலில் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்து எடுத்துவிட்டு மேலே நிற்பதை மட்டும் உபயோகிக்கும் வித்தை சிலரால் உபதேசிக்கப்படுகிறது. அதைச் செய்யாதீர்கள். எத்தனால் தரும் ஆக்டேன் பலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டே ஆலையில் பெட்ரோலைத் தயாரிக்கிறார்கள்; அதை உருவிவிட்டால் மிஞ்சுவது தரம் தாழ்ந்து, ஈரமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்ரோல். வாளிக்கணக்கில் பெட்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் இந்தப் பரீட்சை நடத்துவதன் அபாயமும் உண்டு.

அபாயம் என்ற பேச்சு வந்ததால் சேமிக்கும் பாத்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் விலை மலிவாக இருப்பதால், எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் மொத்தமாக வாங்கிக் கேனில் அடைத்துக்கொண்டு போவது நம்மூர் வழக்கம். அரையணா மிச்சம் என்றாலும் விடாத புத்தி நமக்கு. நான் அதைக் குறை கூறவில்லை. ஆனால் 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது: விற்பனைக்கில்லாமல் சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் இன்றி ஒருவர் வைத்துக்கொள்ளக் கூடியது 30 லிட்டர், அதுவும் இறுக அடைத்த பாத்திரத்தில், கண்ணாடியோ பீங்கானோ ஆனால் ஒரு லிட்டருக்கு மேற்படாமலும், உலோகமானால் 25 லிட்டருக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். தண்ணீர்ப் பாட்டிலும் சோடாப் பாட்டிலும் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. நீலமோ பச்சையோ சாயமிட்ட 2டி எண்ணெய் கலந்த பெட்ரோல் சர்பத் போலக் காட்சியளிப்பதால், வீட்டுத் திண்ணையில் அதைப் பாட்டிலில் வைப்பது குழந்தைகளுக்கு விஷத்தை எடுத்து நீட்டுவதாகும். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய்ப் பூஜை விளக்கையோ அடுப்பையோ தேடிக்கொள்ளும். ஐந்து லிட்டர் உலோகக் கேன் ஒன்று, வீட்டுக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் என்றால் போதும்.

எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்பீர்கள். கம்பெனிக்காரர்கள் பொதுவாக முப்பது நாள் என்கிறார்கள். அது குளிர்ந்த தேசத்து நாள். அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் கிடக்கும் கேனில், எஞ்சினைக் கிளப்பிவிடும் இலேசான சத்துக்கள் அதற்கு முன்பே ஆவியாகிப் போய், மிஞ்சியது பிசினாகி, கார்பரேட்டரின் மயிரிழைத் துவாரங்களில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊருக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்வதே விவேகம். ஒரு வாரத்துக்கான வேலை எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் கலப்பது அதனினும் மேல். கலக்காத பெட்ரோலை வைத்திருந்து வேலைக்குப் போகும் காலையில் கலந்துகொள்வதில் என்ன சிரமம்? பாதிப் பெட்ரோல் விட்டு, எண்ணெயை அளந்து விட்டு, நன்றாகக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை நிரப்பி மறுபடி குலுக்கினால் காரியம் முடிந்தது. டாங்கியில் ஊற்றுமுன் இன்னொரு முறை குலுக்குங்கள். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, பீடியை அணைத்துவிட்டு, துணி வைத்து வடிகட்டி ஊற்றி, ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது விலகிப்போய்க் கயிற்றை இழுங்கள். மழைக்காலம் வந்து வேலை நின்றுவிட்டால் டாங்கியைக் காலி செய்து, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, அதன் பிறகே மூலையில் வையுங்கள். புயலுக்குப் பிறகு அது முதல் இழுப்பில் கிளம்பவேண்டுமானால் இதைத் தவிர வேறு உபாயமில்லை. பழையதாகிப்போன கலவையை வாய்க்காலில் கொட்டாதீர்கள். பட்டறையில் கொடுத்தால் இரும்பு கழுவ எடுத்துக்கொள்வார்கள்.

மேஸ்திரிமார்களுக்கு ஒரு வார்த்தை. கூலிக்கு வரும் ஆளிடம் மிஷினைக் கொடுத்துவிட்டு எண்ணெய்க் காசையும் அவனே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டால், அவன் மட்டமானதை வாங்குவதைக் குற்றம் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. மிஷின் கெட்டால் அவன் கூலியில் பிடிப்பது அதைவிட அநியாயம். எண்ணெய் டப்பாவும் அளவுச் சிரிஞ்சும் உலோகக் கேனும் உங்கள் செலவாக இருக்கட்டும்.

பங்குக்காரர்களும் இதைப் படிக்க நேர்ந்தால், அன்றன்று விற்கும் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு எத்தனை என்பதைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எண்ணெய்க் கடைக்காரர்கள் எஃப்.டி. தரத்தைச் சிறு டப்பாக்களிலும் வரவழைத்து வைக்கலாம். லிட்டர் டப்பாவை ஒரேயடியாக வாங்க வசதியில்லாதவர்களே இதில் பெரும்பான்மையோர்.

அன்பர்களே, நாளைக் காலை வேலைக்குப் புறப்படுமுன் கேனை வெளிச்சத்தில் கொண்டுவந்து, அதிலிருப்பதை ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றிச் சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் கோடு கட்டி ஒரு படிவு தெரிந்தாலும், எப்போது கலந்தது என்ற தேதி உங்களுக்கே ஞாபகம் வராவிட்டாலும், அதை மிஷினில் ஊற்றாதீர்கள். புதிதாகக் கலந்து, கலந்த தேதியை மார்க்கர் பேனாவால் கேனின் மேல் எழுதிக்கொண்டு போங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
உழவர்கரைவாசி ஒருவன்